கோழிகளுக்குச் சோறு போட்டது யார்?

1889 ஜூலை 10ஆம் தேதி, பத்தாவியா ராணுவ மருத்துவமனையை ஒட்டிய ஆய்வுக்கூடத்தில் கோழிகள் தள்ளாடத் தொடங்கின. முதலில் நடை பிசகியது. கம்பில் ஏறி உட்கார்ந்தவை பிடி நழுவி விழுந்தன. சில நாட்களில் நிற்கவே முடியாமல் ஒருக்களித்துப் படுத்துவிட்டன. கொண்டை நீலம் பாரித்தது, மூச்சுத் திணறிச் செத்தன. அன்றைய பத்தாவியாதான் இன்றைய ஜகார்த்தா. ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாளரான டச்சு ராணுவ மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன் இதைப் பார்த்து வருத்தப்பட வேண்டிய அவசியம் இல்லை. விலங்குகளுக்குப் பெரிபெரி வரவழைக்க வேண்டும் என்றுதான் அவர் பாடுபட்டுக்கொண்டிருந்தார். வந்துவிட்டது போலத் தெரிந்தது.

பெரிபெரி அப்போது கிழக்காசியா முழுவதையும் அலைக்கழித்த நோய். கால்கள் மரத்து, தசைகள் ஒடுங்கி, நடக்க முடியாமல் போகும். சிலருக்கு உடல் வீங்கி இதயம் நின்றுவிடும். சிப்பாய்கள், மாலுமிகள், கைதிகள், சுரங்கக் கூலிகள் என்று கூட்டமாக ஓரிடத்தில் உண்டு உறங்குபவர்களையே அது தேடிப் பிடித்தது. சுமத்ரா தீவில் நடந்த ஆச்சேப் போரில் டச்சுப் படை சிப்பாய்களை இந்த நோய்க்குக் கொத்துக்கொத்தாகப் பறிகொடுத்தது. 1886இல் பெக்கெல்ஹாரிங், விங்க்ளர் என்ற இரு அறிஞர்களை டச்சு அரசு அனுப்பியது. அவர்களுக்கு உதவியாக வந்தவர் ஐக்மன். கிருமிகளின் பொற்காலம் அது. காசநோய்க்கும் காலராவுக்கும் கிருமி உண்டு என்று ராபர்ட் கோக் காட்டி முடித்திருந்தார். பெர்லினில் அவரிடமே பயின்றவர் ஐக்மன். ஆகவே பெரிபெரிக்கும் ஒரு கிருமி இருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் பெரிய ஐயம் இல்லை. இரு அறிஞர்களும் ஊர் திரும்பிய பின் அந்தக் கிருமியை உறுதிசெய்யும் வேலை ஐக்மனிடம் வந்தது.

அவர் சோதனையை அமைத்த விதத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. பெரிபெரி நோயாளியிடமிருந்து எடுத்ததைச் சில கோழிகளுக்கு ஊசி மூலம் செலுத்துவது, சில கோழிகளை ஊசி இல்லாமல் விடுவது, இரண்டு தரப்பும் எப்படி நடக்கின்றன என்று பார்ப்பது. நம் பள்ளிப் பாடநூல் மொழியில், ஊசி போடுவதும் போடாமல் விடுவதும் சாரா மாறி. ஆய்வாளர் தன் விருப்பப்படி வைக்கும் நிலை அது, சோதனையில் வேறு எதையும் அது சார்ந்திருப்பதில்லை. கோழி தள்ளாடுகிறதா இல்லையா என்பது சார்ந்த மாறி. முன்னது மாறியதால் பின்னது மாறுகிறதா என்பதே கேள்வி. கூண்டு, தண்ணீர், தீவனம், கோழியின் வயது போன்ற மற்றவை இரு தரப்புக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அவை கட்டுப்பாட்டில் வைக்கப்பட்ட மாறிகள். பத்தாம் வகுப்பு மாணவர் இவ்வளவையும் ஐந்து நிமிடத்தில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்.

ஆனால் ஊசி போடாத கோழிகளும் தள்ளாடின.

இந்த இடத்தில் சோதனை தோற்றுவிட்டது என்று சொல்லத் தோன்றும். உண்மையில் சோதனை மிகத் தெளிவாகப் பேசியது. சாரா மாறி என்று பெயர் சூட்டியதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் விளைவு ஒன்றே என்றால், விளைவை ஆட்டுவிப்பது வேறு ஏதோ. ஐக்மன் உடனே அந்த முடிவுக்கு வரவில்லை. எல்லாக் கோழிகளும் ஒரே இடத்தில் இருப்பதால் ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றியிருக்கலாம் என்று நினைத்தார். கிருமியை நம்பியவருக்கு அது நியாயமான சந்தேகமே. புதிய கோழிகளைத் தள்ளி வேறிடத்தில் வைத்துப் பார்த்தார். அவையும் நோயுற்றன. பிறகு நவம்பர் கடைசி நாட்களில், எவரும் எந்த மருந்தும் கொடுக்காமல், நோய் தானாகவே நின்றது. தள்ளாடியவை தேறின. புதிதாக எதற்கும் வரவில்லை. ஆராய நோயே இல்லாமல் போயிற்று.

அதன் பிறகுதான் தீவனக் கணக்கு பார்க்கப்பட்டது. ஆய்வுக்கூடப் பணியாளர் செலவை மிச்சப்படுத்த, மருத்துவமனைச் சமையலறையில் மீந்த சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார். நோயாளிகளுக்கென வடித்த, நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. பிறகு சமையற்காரர் மாறினார். புதியவர் கறாரானவர்: ராணுவச் சோற்றைச் சிவில் கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகள் பழையபடி தீட்டாத மலிவு அரிசிக்குத் திரும்பின. சோறு போட்டது ஜூன் 17 முதல் நவம்பர் 27 வரை. நோய் தொடங்கியது ஜூலை 10, ஒழிந்தது நவம்பர் இறுதி.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சமையற்காரர்கள் எல்லா ஊரிலும் மாறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். இரண்டு பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சோற்றுக்கும் நோய்க்கும் இடையே 23 நாள் இடைவெளி இருப்பதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அதைவிட முக்கியம், பார்த்த பிறகு அதையே முடிவாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது. நவம்பர் இறுதியில் மாறியது சோறு மட்டும்தானா? மழைக்காலம் தொடங்கியிருக்கும், கோழிகளுக்கு வயது ஏறியிருக்கும், கொள்ளைநோய் தன் போக்கில் அடங்கியும் இருக்கலாம். கண்டது ஒரு துப்பு. சோதனை இனிமேல்தான்.

இம்முறை ஐக்மன் வேண்டுமென்றே மாற்றினார். வெள்ளை அரிசி உண்ட கோழிகள் மூன்று நான்கு வாரத்தில் தள்ளாடின. தீட்டாத அரிசி உண்டவை நன்றாக இருந்தன. தள்ளாடியவற்றுக்கு அரிசியை மாற்றிக் கொடுத்தால் தேறின. அப்படியானால் சாரா மாறி எது? சோறு என்று சொல்லிவிடலாமா? அந்தச் சொல்லுக்குள் எத்தனை இருக்கின்றன பாருங்கள். சோறு வெந்தது, பழைய தீவனம் வேகாதது. சோறு மீந்து கிடந்தது, தீவனம் அப்போதைக்கப்போது போட்டது. வேகவைத்த தண்ணீர் வேறாக இருக்கலாம். அரிசி வந்த இடம் வேறு. கடைசியாக, ஓர் அரிசியில் தவிட்டுத் தோல் இல்லை, மற்றதில் இருக்கிறது. ஒரு கொடியைப் பிடித்து இழுத்தால் புதரே கூட வருவது போல, ஒன்றை மாற்றும்போது ஐந்து மாறுகின்றன. ஐக்மனின் உண்மையான திறமை இந்தப் புதரைப் பிரித்ததில் இருக்கிறது. தீட்டிய அரிசியை வேகவைக்காமலே கொடுத்துப் பார்த்தார். அப்போதும் நோய் வந்தது, ஆகவே வேகவைத்தல் விலகியது. தீட்டிய அரிசியோடு, தீட்டும்போது உதிர்ந்த தவிட்டைக் கலந்து கொடுத்தார். நோய் வரவில்லை. அரிசியே இல்லாமல் சவ்வரிசி, மரவள்ளி மாவு போன்ற வெறும் மாவுப் பொருட்களைக் கொடுத்தார். நோய் வந்தது. கடைசியில் கையில் நின்றது ஒன்றே ஒன்று: அரிசியின் மேல் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய தோல் இருக்கிறதா, இல்லையா.

மாறியை இவ்வளவு துல்லியமாகப் பிடித்தவர் அதன் பொருளைத் தலைகீழாகப் படித்தார் என்பது இந்த அத்தியாயத்துக்கு மிகவும் உதவுகிறது. மாவுச்சத்து குடலில் ஏதோ நஞ்சை உண்டாக்குகிறது, தவிட்டில் அதற்கு முறிவு மருந்து இருக்கிறது என்பது அவர் கொண்ட விளக்கம். கிருமியைக் கைவிட்டவர் நஞ்சைப் பிடித்துக்கொண்டார். நோய் என்றால் ஏதோ ஒன்று உள்ளே வந்திருக்க வேண்டும், ஏதோ ஒன்று வராததாலும் நோய் வரலாம் என்பது அக்கால மருத்துவத்துக்குப் பழக்கமில்லாத எண்ணம். ஆனால் விளக்கம் தவறியதால் சோதனை கெட்டுவிடவில்லை. தவிடு இருந்தால் கோழி நடக்கிறது, இல்லாவிட்டால் விழுகிறது என்ற வாக்கியத்தில் நஞ்சும் இல்லை, முறிவும் இல்லை. எது மாறியது, எது மாறியதாக அளக்கப்பட்டது என்பதை மட்டும் அது சொல்கிறது. அப்படி எழுதிவைத்தால் பிறகு வருபவர் வேறு விளக்கம் கொடுக்கலாம். 1896இல் ஐக்மன் உடல்நலம் கெட்டு நெதர்லாந்து திரும்பியபோது அவர் இடத்துக்கு வந்த கெரிட் கிரைன்ஸ் அதைத்தான் செய்தார். அவரிடம் பிறகு வருவோம்.

புதரைப் பிரிக்காமல் முழுதாக இழுத்தவர் ஒருவரும் இருந்தார். அதனால் பல ஆயிரம் உயிர்களைக் காத்தார். அவர் ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ. 1882-83இல் ரியூஜோ என்ற போர்க்கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் என்று சுற்றிவந்தது. அதில் இருந்த 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி வந்தது, 25 பேர் இறந்தார்கள். லண்டனில் மருத்துவம் படித்த தகாகி, ஐரோப்பிய மாலுமிகளுக்கு இந்த நோய் வராததைக் கவனித்திருந்தார். அவர்களின் உணவில் புரதம் கூடுதல், ஜப்பானியர் உணவில் சோறு கூடுதல். 1884இல் ட்சுகுபா என்ற கப்பலை அதே வழியில் அனுப்ப வைத்தார். உணவு மட்டும் வேறு: இறைச்சி, கெட்டிப் பால், ரொட்டி ஆகியவற்றைக் கூட்டி அரிசியைக் குறைத்தார். கப்பல் திரும்பியபோது பெரிபெரி கண்டவர்கள் பதினைந்து பேர் அளவில்தான். ஒருவரும் இறக்கவில்லை.

அதே கடல், அதே துறைமுகங்கள், அதே படை. வழியை மாற்றாமல் பிடித்து வைத்தது அபாரமான யோசனை. ஆனால் உணவு என்ற ஒரே பெயருக்குள் பத்து மாற்றங்கள். அவற்றில் எது வேலை செய்தது? தகாகி புரதம் என்றார், தவறு. உயிர் காக்கும் அவசரத்தில் பத்தையும் ஒன்றாக மாற்றுவது சரியான முடிவே, வேறு வழியும் இல்லை. பிரச்சினை, எதிராளியை நம்பவைக்க வேண்டி வரும்போது எழுகிறது. ஜப்பானியத் தரைப்படை மருத்துவர்கள் ஜெர்மன் கிருமியியலில் ஊறியவர்கள். பின்னாளில் பெரும் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற மோரி ஓகாய் அவர்களில் ஒருவர். புரத விளக்கத்தில் இருந்த ஓட்டைகள் அவர்கள் கண்ணில் பட்டன, விளக்கத்தோடு விளைவையும் சேர்த்து ஒதுக்கினார்கள். 1904-05 ருஷ்யப் போரில் தரைப்படை வெள்ளைச் சோறே உண்டது. பெரிபெரியால் மட்டும் சுமார் 27,000 சிப்பாய்கள் இறந்தார்கள். கடற்படையில் நோய் ஏறக்குறைய இல்லாமல் போய் இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

மீண்டும் ஜாவா. கோழி வேறு, மனிதன் வேறு என்று சொல்லக்கூடியவர்கள் அங்கும் இருந்தார்கள். சிறைகளின் சுகாதார மேற்பார்வையில் இருந்த அடோல்ஃப் ஃபோர்டர்மன் ஐக்மனின் நண்பர். 1890களின் நடுவில் ஜாவா, மதுரா தீவுகளின் 101 சிறைகளில் கணக்கெடுத்தார். ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம் கைதிகள் அதில் அடக்கம். எந்தச் சிறையில் எந்த அரிசி என்பது அந்தந்த வட்டாரப் பழக்கத்தைப் பொறுத்து ஏற்கெனவே வேறுபட்டிருந்தது, ஆகவே அவர் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தீட்டாத அரிசி போட்ட 37 சிறைகளில் ஒன்றே ஒன்றில் பெரிபெரி இருந்தது. இரண்டும் கலந்து போட்ட 13இல் 6இல் இருந்தது. தீட்டிய அரிசி போட்ட 51இல் 36இல் இருந்தது.

இங்கே சாரா மாறியை எவரும் கைவைத்து மாற்றவில்லை. இது நோக்கீடுதான், சோதனை அன்று. அதனால் ஒரு பலவீனம் பிறக்கிறது. தீட்டாத அரிசி உண்ணும் வட்டாரங்கள் வேறு வகையிலும் வேறாக இருந்தால்? பழைய கட்டடம், ஈரத் தரை, காற்றோட்டமின்மை, நெரிசல் என்று அன்றைக்குச் சந்தேகிக்கப்பட்ட ஒவ்வொன்றையும் ஃபோர்டர்மன் தனித்தனியே குறித்து, நோயோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். ஒத்துப்போகவில்லை. தன் வருகையின் நோக்கத்தையும் அவர் சிறை அதிகாரிகளிடம் வெளிப்படுத்தவில்லை. அரிசியைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்று தெரிந்துவிட்டால் பதில்கள் அதற்கேற்ப வளையும் அல்லவா? அரிசி மாதிரிகளை வாங்கி, எவ்வளவு தோல் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்தே வகைப்படுத்தினார். 'எங்களிடம் தீட்டாத அரிசிதான்' என்ற வாய்ச்சொல்லை அவர் மாறியாக ஏற்கவில்லை. நம் ஊர் அறிவியல் கண்காட்சிகளில் கருத்துக்கணிப்பு நடத்தும் மாணவர்களுக்கு நான் ஃபோர்டர்மனைத்தான் முதலில் சொல்வேன்.

இனி கதை தமிழர்கள் பக்கம் திரும்புகிறது. மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் பெரிபெரியால் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அருகிலேயே தோட்டங்களிலும் சாலைகளிலும் வேலை செய்த தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. அதே வெயில், அதே கொசு, கூலி லயங்களின் அதே நெரிசல். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியனார்ட் பிராடன் காரணத்தைச் சாப்பாட்டில் தேடினார். சீனர்கள் சயாமிலிருந்து வந்த பச்சரிசி உண்டார்கள், ஆலையில் தீட்டி வெண்மையாக்கியது. தமிழர்கள் ஊர்ப் பழக்கத்தை விடாமல் புழுங்கல் அரிசி வாங்கினார்கள். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. பச்சரிசி கெட்டு நஞ்சாகிவிடுகிறது என்று பிராடன் நினைத்தார். அவருக்கும் நஞ்சுதான்.

ஆனால் தமிழருக்கும் சீனருக்கும் இடையே அரிசி மட்டுமா வேறுபாடு? வேலை வேறு, குழம்பு வேறு, குடிப்பது வேறு, உடல்வாகு வேறு என்று எவரும் வாதிடலாம். இனம் என்ற மாறியோடு அரிசி என்ற மாறி பின்னிக் கிடந்தது. அதைப் பிரிக்க ஒரே வழி, ஒரே கூட்டத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு அரிசி கொடுப்பது. 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பெரிபெரி கடுமையாகப் பரவியது. அந்த ஆண்டு டிசம்பரில் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் விடுதிவாசிகளை உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண் சொல்ல வைத்தார். ஒற்றைப்படை எண்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டுக்கு, சயாம் பச்சரிசி தொடர்ந்தது. இரட்டைப்படை எண்கள் மேற்குப் பக்க வார்டுக்கு, இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே.

எண் சொல்லிப் பிரித்தது சாதாரண வேலையாகத் தெரியலாம். யார் எந்தப் பக்கம் போகிறார் என்பதை அவருடைய இனமோ வலிமையோ மருத்துவரின் விருப்பமோ தீர்மானிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் பயன். தெரிந்த மாறிகளை நாம் பட்டியல் போட்டுச் சமப்படுத்தலாம். தெரியாதவற்றைச் சமப்படுத்த இப்படி ஏதாவது செய்தால்தான் உண்டு. ஓராண்டு முடிந்தபோது பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கல் உண்ட 123 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. நோய் இருந்தது இருவருக்கு மட்டும், இருவரும் விடுதிக்கு வரும்போதே அதோடு வந்தவர்கள். கிழக்கு வார்டு கட்டடத்திலேயே நோய் குடியிருக்கலாம் என்ற வாதத்துக்கு இடம் தராமல், நடு ஆண்டில் இரு தரப்பையும் கட்டடம் மாற்றி வைத்தார். நோய் மனிதர்களோடும் அவர்களின் அரிசியோடும் போயிற்று, கட்டடத்தோடு தங்கவில்லை.

சம்மதம் கேட்க முடியாதவர்கள் மீது நடந்த சோதனை இது. மருத்துவமனைகளில் இன்று எந்த அறநெறிக் குழுவும் இதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அந்த 18 பேரை ஒரு நேர்த்தியான வடிவமைப்பின் எண்ணிக்கையாக மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

சோதனைக்குத் திரும்பினால், இவ்வளவு கவனமாக அமைத்ததிலும் ஒரு முடிச்சு அவிழாமல் இருந்தது. ஃபிளெட்சர் மாற்றியது என்ன? புழுக்கியதையும் புழுக்காததையும் மட்டுமா? ஒன்று சயாம் அரிசி, மற்றது இந்திய அரிசி. நெல் ரகம் வேறு, மண் வேறு, கப்பலில் கிடந்த காலம் வேறு. கறாராகச் சொன்னால் அவர் மாற்றியது மூட்டையை. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் 1907 முதல் 1909 வரை அதைத் தொடர்ந்தார்கள். நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளர்கள் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். வெள்ளை அரிசிக் குழுவில் பெரிபெரி தோன்றியதும் உணவை இடம் மாற்றினார்கள். முன்பு நலமாக இருந்த குழுவில் இப்போது நோய் தோன்றியது. பிறகு கோழிகளிடம் போய், அதே வெள்ளை அரிசியோடு ஆலைத் தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள், நோய் வரவில்லை. நாடும் கப்பலும் மண்ணும் இதோடு விலகின. புழுங்கல் அரிசியும் ஆலையில் தீட்டப்பட்டதுதான். ஆனால் நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் நீரில் கரையும் சத்து தண்ணீரோடு அரிசியின் உள்ளே போய் அமர்கிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. தோட்டத் தமிழர்களைக் காத்தது இதுதான்.

சாரா, சார்ந்த என்பவை பொருள்களுக்கு ஒட்டிய நிரந்தரப் பெயர்கள் அல்ல என்பதையும் இந்தத் தவிடே காட்டும். ஃபிரேசருக்கு அரிசியில் மிஞ்சிய தவிடு சாரா மாறி. அரிசி ஆலை நடத்துபவர் இயந்திரத்தை எத்தனை நிமிடம் ஓட்டினால் எவ்வளவு தவிடு மிஞ்சும் என்று பார்த்தால், நிமிடம் சாரா மாறி, தவிடு சார்ந்த மாறி ஆகிவிடுகிறது. கேள்வி மாறினால் இருக்கை மாறுகிறது. வினாத்தாளில் 'ஒளி' என்ற சொல்லைக் கண்டதும் சாரா மாறி என்றும் 'உயரம்' என்றதும் சார்ந்த மாறி என்றும் பழக்கத்தில் எழுதும் பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள். எதை நான் சோதனை தொடங்கும் முன்பே முடிவுசெய்து வைக்க முடியும், எதைக் காத்திருந்து பார்த்தால்தான் தெரியும் என்று கேட்டுக்கொண்டால் பெரும்பாலான குழப்பம் தீரும்.

சார்ந்த மாறியைப் பற்றி இதுவரை குறைவாகவே சொல்லியிருக்கிறேன். அது எளிது என்பதால் அல்ல. கோழி விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்படியான விளைவு. மனிதரில் பெரிபெரி அப்படி அல்ல. கால் மரத்தல், மூச்சிரைப்பு, வீக்கம் ஆகியவை வேறு நோய்களிலும் வரும். ஒரு மருத்துவர் பெரிபெரி என்பதை இன்னொருவர் மலேரியாவின் பின்விளைவு என்பார். சார்ந்த மாறியை எப்படி அளப்பது என்று முன்கூட்டியே வரையறுக்காவிட்டால், விரும்பும் விடைக்கு ஏற்றபடி கண் அதை வளைத்துக்கொள்ளும். மரணத்தை எண்ணுவதில் அந்த ஐயம் குறைவு, ஆனால் நோயை எண்ணுவதைவிடக் கொடுமையான அளவுகோல் அது. பள்ளியில் பயறு முளைக்க வைக்கும்போதும் இதே கேள்வி உண்டு. முளைத்தது என்றால் வேர் தலைகாட்டியதா, ஒரு சென்டிமீட்டர் நீண்டதா, இலை விரிந்ததா? முதல் நாளே எழுதிவைக்க வேண்டும்.

கிரைன்ஸிடம் வருவதாகச் சொன்னேன். ஐக்மனின் மாறியை அவர் வேறு திசையிலிருந்து அணுகினார். நோய்க்குக் காரணம் அரிசி என்றால் அரிசியே இல்லாத உணவில் நோய் வரக்கூடாது. அவர் 120 டிகிரியில் நெடுநேரம் சூடாக்கிய இறைச்சியைக் கோழிகளுக்குக் கொடுத்தார். அரிசியும் இல்லை, மாவுச்சத்தும் இல்லை, ஆனாலும் கால்கள் தளர்ந்தன. பிறகு தவிட்டுக்குப் பதிலாகப் பாசிப்பயறு கொடுத்தார், நோய் விலகியது. இனி அரிசியைக் குற்றவாளியாகவும் தவிட்டை முறிவு மருந்தாகவும் வைத்துக்கொள்ள வழியில்லை. தவிட்டிலும் பயறிலும் சூடாக்காத இறைச்சியிலும் பொதுவாக இருந்து, தீட்டும்போது நீங்கியும் மிகையாகச் சூடாக்கும்போது அழிந்தும் போகும் ஏதோ ஒன்று நரம்புகளுக்குத் தேவை என்று 1901இல் எழுதினார். கொடுத்ததை விட்டுவிட்டு, கொடுக்காததை அவர் சாரா மாறியாக்கினார். இந்த ஆராய்ச்சி வரலாற்றில் இதைவிடப் பெரிய தாவல் எதுவும் இல்லை என்பது என் கருத்து. 1929இல் நோபெல் பரிசு ஐக்மனுக்கும் ஆங்கிலேய உயிர்வேதியியலாளர் ஹாப்கின்ஸுக்கும் போனது. கிரைன்ஸுக்குப் பங்கு இல்லை.

மிஞ்சியது அந்த ஏதோ ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டுவது. 1926இல் அதே பத்தாவியாவில் யான்சன், டோனாத் என்ற இருவர் தவிட்டிலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தார்கள். 300 கிலோ தவிட்டிலிருந்து கிடைத்தது ஏறத்தாழ 100 மில்லிகிராம். கோழிகளைவிட விரைவில் நோயுறும் சிறு நெற்குருவிகளை அவர்கள் அளவுகோலாகப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எந்தச் சாற்றில் சத்து தங்கியிருக்கிறது என்பதைக் குருவிகளின் கால்களே சொல்லின. வேதியியல் வாய்பாட்டில் ஒரு கந்தக அணுவை விட்டுவிட்டார்கள். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் சரியான அமைப்பைக் கண்டு செயற்கையாகவும் தயாரித்தார். தயமின், நாம் பி1 என்று சொல்லும் வைட்டமின்.

அதன் பின் சாரா மாறி 'உண்டு, இல்லை' என்ற நிலையைத் தாண்டி, எவ்வளவு என்பதாயிற்று. வரைபடத்தின் கிடை அச்சில் மில்லிகிராம், நிலை அச்சில் நோய். அந்தக் கோடு நேர்கோடு அன்று. மிகக் குறைந்த அளவில் ஒரு துளி கூடினாலும் நோய் செங்குத்தாகச் சரிகிறது. ஒரு நாளுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டிவிட்டால் கோடு படுத்துவிடுகிறது, இரட்டிப்பாகக் கொடுத்தாலும் அசைவதில்லை. பருப்பும் மீனும் முட்டையும் தாராளமாக உண்பவர்களிடம் போய் அரிசியை மட்டும் மாற்றிப் பார்த்திருந்தால், ஃபிளெட்சர் எவ்வளவு கவனமாக எண் சொல்லிப் பிரித்திருந்தாலும் இரு வார்டுகளிலும் ஒரே விடைதான் வந்திருக்கும். அரிசிக்கும் பெரிபெரிக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதியிருப்பார், அவருடைய எண்களும் பொய்யாக இருந்திருக்காது. கோலாலம்பூர் விடுதியில் சோற்றையே பெரிதும் நம்பி வாழ்ந்தவர்கள் இருந்ததால்தான் கோட்டின் செங்குத்தான பகுதி அவர் கண்ணில் பட்டது.